கனகேஸ்வரி மிஸ்ஸின் வெறும் பக்கம்

கனகேஸ்வரி மிஸ்ஸின் முப்பத்தோராம் நாள் நினைவு மலரை வாங்கிப் போனவர்களில் பாதிப் பேராவது எனக்குப் போன் எடுத்திருப்பார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்விதான். நடுவில் ஒரு பக்கம் ஒன்றுமே இல்லாமல் வெறுமையாகக் கிடக்கிறதே, அச்சுப் பிழையா? ஒருவர் தன்னுடைய பிரதியைத் தந்துவிட்டு நல்லதாக ஒன்று மாற்றி எடுக்கலாமா என்று விசாரித்தார். வெள்ளவத்தைச் சந்தையில் முருங்கைக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டு நின்ற என்னை ஒருவர் மறித்து, "என்ன பிலிப், எழுத விசயம் முடிஞ்சு போச்சோ?" என்று கேட்டார்.

ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது. எங்கள் வரலாற்றுத் துறையில் இப்போது விரிவுரையாளராக இருக்கும் ரிஸ்னா, "சேர், பேசாம எழுதிடுங்க. புதுசா வந்தவங்களுக்கும் உதவும்" என்றார். ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியனிடம் எழுதச் சொல்வது ஆபத்தான வேலை. மனிதன் குகையை விட்டு வெளியே வந்த நாளிலிருந்து தொடங்கிவிடுவான். நான் அவ்வளவு தூரம் போகப் போவதில்லை. பிறந்தது கொட்டாஞ்சேனை. படித்தது, பட்டம் வாங்கியது, மேற்படிப்பு என்று வெளிநாட்டுக்குப் போய்க் குளிரில் நடுங்கியது எல்லாவற்றையும் இந்த வசனத்தோடு முடித்துக்கொள்கிறேன்.

நான் துறையில் சேர்ந்தபோது கனகேஸ்வரி மிஸ் அங்கே முதுநிலை விரிவுரையாளர். மெலிந்த உருவம், பருத்திச் சேலை, வெயிலோ மழையோ கையில் ஒரு குடை. சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. வந்த புதிதில் கொட்டாஞ்சேனையின் பழைய குடியிருப்புகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி, பெருமையோடு அவருடைய மேசையில் வைத்தேன். கொட்டாஞ்சேனை மக்கள் விருந்தோம்பலில் சிறந்தவர்கள் என்று அதில் ஒரு வசனம் இருந்தது. மிஸ் அந்த வசனத்தில் விரலை வைத்தார்.

"ஆர் பார்த்தது?"

"நானே கொட்டாஞ்சேனைதான் மிஸ்."

"அப்ப நீர் இந்த வழக்கில கட்சிக்காரர். வேற ஆளைக் கொண்டு வாரும்."

அவரோடு வேலை செய்த காலம் முழுவதும் நான் அதிகமாகக் கேட்ட இரண்டு சொற்கள் இவைதான், கண்ணால் கண்டவர் யார் என்ற கேள்வி. ஆர் பார்த்தது? ஒவ்வொரு வசனத்துக்கும் இரண்டு சாட்சி வேண்டும் என்பது அவருடைய சட்டம். அந்த இரண்டும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியதாக இருக்கக் கூடாது. அதற்கு மேலும் ஒரு சட்டம் இருந்தது. ஒரு மனிதரைப் பற்றி எழுதினால், அந்த மனிதரைப் பிடிக்காத ஒருவருடைய வாக்குமூலமும் இருந்தாக வேண்டும். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "புகழுறவன் ஏன் உற்றுப் பார்க்கப் போறான்? அவனுக்கு முதலே தெரியும் என்ன சொல்லப் போறன் எண்டு. பிடிக்காதவன்தான் கண் வெட்டாமப் பார்த்திருப்பான்" என்றார்.

ஆவணக் காப்பகத்துக்குள் பேனை கொண்டுபோக விடமாட்டார்கள், பென்சில் மட்டும்தான். அந்தப் பழக்கத்தில் மிஸ் வெளியிலும் பென்சிலாலேயே எழுதினார். மூக்குக்கண்ணாடிக் கூடு ஒன்றுக்குள் பென்சில்களை வைத்திருப்பார், பிளேட்டால் சீவிய கூர் உடையாமல் இருக்க அடியில் பஞ்சு. யாராவது கட்டுரை கொடுத்தால், சாட்சி போதாத வசனத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு புள்ளி வைப்பார். ஒரு சாட்சி குறைந்தால் ஒரு புள்ளி, இரண்டும் இல்லையென்றால் இரண்டு. என் முதல் கட்டுரை திரும்பி வந்தபோது தாள் முழுவதும் கடுகு கொட்டிய மாதிரி இருந்தது. கட்டுரையைத் திருப்பித் தரும்போது பால் விடாத பிளேன்ரீ வரவழைத்துத் தருவார். ரீயில் இஞ்சி போட்டிருந்தால் புள்ளிகள் அதிகம் என்று அர்த்தம். துறையில் சில பேர் இஞ்சி வாசம் வந்தாலே எழும்பிப் போய்விடுவார்கள்.

இனி நினைவு மலர் விசயத்துக்கு வருகிறேன். இங்கே சைவக் குடும்பங்களில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் சாப்பாட்டின்போது அவருடைய வாழ்க்கை வரலாற்றை அச்சடித்துக் கொடுப்பது வழக்கம். அட்டையில் படம், உள்ளே தேவாரம், பிறகு வரலாறு, கடைசியில் நன்றி. யாழ்ப்பாணத்துப் பழைய ஆட்கள் இதைக் கல்வெட்டு என்றுதான் சொல்வார்கள். கல்லில் வெட்டிய பழைய எழுத்துகளை ஆராய்கிற கனகேஸ்வரி மிஸ்ஸைக் கல்வெட்டில் பெரிய ஆள் என்று யாரோ சொல்லக் கேட்டு, அதைப் பிழையாக விளங்கிக்கொண்டு, ஒரு குடும்பம் தங்கள் பாட்டனாருக்கு ஒன்று எழுதித் தரும்படி அவரிடம் வந்து நின்றது. வேறு யாராக இருந்தாலும் சிரித்து அனுப்பியிருப்பார்கள். மிஸ் குடையை மடித்து வைத்துவிட்டு, "எழுதலாம், சாட்சி இருக்கோ?" என்று கேட்டார்.

அதிலிருந்து வெள்ளவத்தையில் அது ஒரு பழக்கமாகிவிட்டது. கனகேஸ்வரி மிஸ் எழுதினால் பெரிய மரியாதை என்று வருவார்கள். அவருடைய சட்டங்களைக் கேட்டதும் பாதிப் பேர் பின்வாங்குவார்கள். மிச்சப் பேரிடம் போய் விசாரிக்கிற வேலையில் என்னையும் இழுத்துக்கொண்டு போவார். நான் கத்தோலிக்கன், எங்கள் சனத்துக்கு இந்தப் பழக்கம் கிடையாது என்று சொல்லிப் பார்த்தேன். "அதுதான் நல்லது. நீர் கட்சிக்காரர் இல்லை" என்றார்.

எல்லாவற்றிலும் மறக்க முடியாதது ஒரு ஹாட்வெயார் முதலாளியின் மலர். காலி வீதியில் கடை, வெள்ளவத்தை முழுவதும் தெரிந்த மனிதர். இரண்டு மகன்களும் கனடாவிலிருந்து வந்திருந்தார்கள். நாங்கள் அவர்களுடைய வீட்டுக்குப் போனபோது, வரலாற்றைத் தாங்களே எழுதி வைத்துக்கொண்டு, மிஸ் திருத்தித் தந்தால் போதும் என்றார்கள். வாரி வழங்கிய வள்ளல், ஏழைகளின் தோழர், பகைவரே இல்லாத பண்பாளர் என்று அது போனது. மிஸ் பென்சிலை எடுத்தார். வள்ளலிடம் வாங்கியவர் யார் என்று கேட்டார். மூத்தவர் சிலருடைய பெயரைச் சொன்னார், மிஸ் தலையாட்டினார். பிறகு, அப்பாவைப் பிடிக்காத ஒருவரைச் சொல்லுங்கள் என்றார்.

"அப்பாவைப் பிடிக்காத ஆக்களே இல்லை மிஸ்."

"இத்தனை வருசமா யாவாரம் செய்தவர் எண்டு சொன்னீங்கள். ஒருத்தருக்குமே பிடிக்காமல் இருக்கேல்லையோ? அப்ப கடையைத் திறக்கவே இல்லையோ?"

இளையவருக்குக் கோபம் வந்துவிட்டது. செத்த வீட்டில் இப்படிக் கதைக்கலாமா என்று கேட்டார். எனக்கு எழும்பி ஓட வேண்டும் போல இருந்தது. அந்த நேரத்தில்தான் உள் அறைத் திரையை விலக்கிக்கொண்டு அம்மா வெளியே வந்தார். முதலாளியின் மனைவி. கதிரையை இழுத்து மிஸ்ஸுக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"நான் சொல்லுறன், எழுதுங்கோ. எனக்கு அந்த மனிசனைப் பிடிக்காது."

மகன்கள் இரண்டு பேரும் "அம்மா" என்று ஒரே நேரத்தில் சொன்னார்கள். அம்மா அவர்களைத் திரும்பியே பார்க்கவில்லை. தெருவில் இருவரும் போனால் முதலாளி முன்னுக்குப் போய்விடுவார், ஒருநாளும் திரும்பிப் பார்த்து நின்றதில்லை. சாப்பாடு நல்லது என்று வாய் திறந்து சொன்னதில்லை. ரேடியோவில் பாட்டுப் போட்டால் நிற்பாட்டிவிடுவார், கடையில் இருந்த சத்தம் போதும் என்பார். கலியாணம் கட்டிய நாளிலிருந்து சேர்த்து வைத்திருந்த குறையையெல்லாம் அம்மா வரிசையாகச் சொல்ல, மிஸ் ஒன்றையும் விடாமல் பென்சிலால் எழுதினார். அம்மாவின் முகத்தில் ஒரு மலர்ச்சிகூட வந்துவிட்டது. இதையெல்லாம் ஒருவரும் இதற்கு முன் அவரிடம் கேட்டிருக்கவில்லை.

கடைசியில் அம்மா சொன்னது இதுதான். தனக்குக் கண்ணில் ஒப்பரேசன் நடந்த பிறகு, வாசிக்க முடியாமல் போய்விட்டது. முதலாளி காலையில் கடைக்குப் போகுமுன் பேப்பரை எடுத்து வைத்துத் தனக்கு வாசித்துக் காட்டத் தொடங்கினார். அதிகம் படிக்காத மனிதர், எழுத்துக் கூட்டித் திக்கித் திக்கித்தான் வாசிப்பார். அரசியலையும் மரண அறிவித்தலையும் ஒரே குரலில் வாசிப்பார். அம்மா சிரித்துவிட்டால் கோபித்துப் பேப்பரை மடித்து வைத்துவிடுவார், அடுத்த நாள் திரும்பவும் வந்து உட்காருவார்.

மிஸ் எழுதுவதை நிறுத்தினார். "அதுக்குப் பிறகும் பிடிக்கேல்லையோ?"

"பிடிக்கேல்லை. ஆனா இப்ப பேப்பர் அப்பிடியே மடிச்சபடி கிடக்குது."

மிஸ் வள்ளலையும் தோழரையும் வெட்டிவிட்டு, மனைவிக்கு நாள்தோறும் பத்திரிகை வாசித்தார், திக்கி வாசித்தார், சிரித்தால் கோபித்தார் என்று எழுதினார். மகன்கள் அதை எடுத்துவிடச் சொன்னார்கள். அம்மா அது இல்லாமல் புத்தகமே வேண்டாம் என்றார். முப்பத்தோராம் நாள் பந்தியில் நான் பார்த்தேன், வழக்கமாக விசிறியாகப் பயன்படுகிற புத்தகத்தை அன்றைக்குச் சனம் சோற்றை ஆறவிட்டு வாசித்துக்கொண்டிருந்தது. கண்ணைத் துடைத்தவர்களும் இருந்தார்கள். முதலாளியோடு ஆயுள் முழுவதும் போட்டி போட்ட பக்கத்துக் கடைக்காரர்தான் முதலில் துடைத்தார்.

இத்தனை கண்டிப்பான மனுசிக்குத் துறைக்குள்ளேயே ஓர் எதிரி இல்லாமல் போவாரா? இருந்தார். பேராசிரியர் குலவீரசிங்கம். பெயருக்கு ஏற்ற உருவம், மண்டபத்தின் கடைசி வாங்கிலிருப்பவனையும் எழுப்பிவிடும் குரல், சட்டைப் பையில் எப்போதும் மைக்கறை. பிள்ளைகளுக்கு அவரென்றால் உயிர். மிஸ்ஸுக்கும் அவருக்கும் நடந்த சண்டைக்குக் காரணம் ஒரு கல்.

அந்தக் கல்லை அவர்களுக்குக் காட்டியது நான்தான். கொட்டாஞ்சேனையில் ஒரு பொதுக் கிணற்றடியில், சனம் உடுப்புத் தோய்க்கிற கல்லாகக் கிடந்தது. மேல்பாதி உடைந்துபோய்விட்டது, கீழ்ப்பாதியில் தேய்ந்த எழுத்துகள், அவற்றுக்குக் கீழே மூன்று கீறல். இரண்டு பேரையும் நான் கூட்டிப்போன அன்று, தோய்த்துக்கொண்டிருந்த ஒரு அக்கா வேலை முடியாமல் கல்லை விடமாட்டேன் என்றுவிட்டார். ஒரு வாளி உடுப்பும் தோய்த்து முடியும்வரை வரலாற்றுத் துறை வெயிலில் நின்றது. பிறகு இருவரும் ஒரே குடைக்குள் குனிந்து பார்த்தார்கள். குலவீரசிங்கம் சேர் நிமிர்ந்து, இது சூலம், கோயிலுக்குக் காணி கொடுத்த கல் என்றார். மிஸ்ஸும் நிமிர்ந்தார். இது வெறும் எல்லைக்கல், கீறல் பின்னாளில் யாரோ மீன் வெட்டுகிறவர் கத்தி தீட்டியது என்றார். குடை ஒன்று, முடிவு இரண்டு. இருவரும் வெவ்வேறு பஸ்ஸில் திரும்பி வந்தார்கள்.

அதற்குப் பிறகு அவர்கள் கதைத்ததே இல்லை என்று சொன்னால் புள்ளி விழும். கதைத்தார்கள், என் வழியாக. துறைக் கூட்டத்தில் எதிரெதிரே இருப்பார்கள், நடுவில் நான். "பிலிப், பேராசிரியருக்குச் சொல்லும், கத்தியும் சூலமும் ஒண்டில்லையாம் எண்டு." உடனே அந்தப் பக்கத்திலிருந்து, "பிலிப், அவவுக்குச் சொல்லும், கண்ணாடியை மாத்தச் சொல்லி." நான் வாயே திறக்கத் தேவையில்லை. இருவருக்கும் கேட்டுவிடும். ஆனாலும் நடுவில் நான் இருக்க வேண்டும், நான் லீவு எடுத்த நாட்களில் கூட்டம் சப்பென்று போய்விட்டதாகச் சொல்வார்கள்.

துறையின் ஆய்விதழை மிஸ்தான் பார்த்துக்கொண்டார். அதிலும் ஒரு சட்டம். ஒருவருக்கு மறுப்பு வந்தால் அதை இடப்பக்கத்தில் போட்டு, வலப்பக்கத்தை மறுக்கப்பட்டவரின் பதிலுக்கு விட வேண்டும். பதில் வரும்வரை இதழ் அச்சுக்குப் போகாது. தனக்கு எதிராகச் சேர் எழுதியதை மிஸ் ஒரு எழுத்தும் குறைக்காமல் போட்டார், சேரும் அவருடைய மறுப்பு எதற்கும் பதில் எழுதாமல் விட்டதில்லை. அதனால் எங்கள் இதழ் ஒருநாளும் நேரத்துக்கு வந்ததில்லை. கொட்டாஞ்சேனையில் அதை அச்சடித்த அந்தோனி, "சேர், இந்தச் சண்டை முடிஞ்சா நான் பிரஸ்ஸை மூட வேண்டியதுதான்" என்பார்.

நாங்கள் மூவரும் ஒருவர் பின் ஒருவராக ஓய்வு பெற்றோம். சேர் நுகேகொடையில் மகளோடு குடியிருந்தார். மிஸ் வெள்ளவத்தைத் தொடர்மாடியில் தனியாக இருந்தார். சண்டை மட்டும் ஓய்வு பெறவில்லை, இதழில் தொடர்ந்தது. மிஸ்ஸுக்குச் சுகமில்லை என்று வைத்தியசாலையில் வைத்திருந்தபோது நானும் ரிஸ்னாவும் பார்க்கப் போனோம். தலையணைக்குப் பக்கத்தில் சேரின் புதிய புத்தகம் கிடந்தது. மிஸ் அதைக் கண்ணால் காட்டினார்.

"மூண்டாம் அத்தியாயம் வாசிச்சனான். மனிசன் இன்னும் கத்தி தீட்டின கீறலைக் கும்பிட்டுக்கொண்டிருக்குது."

ரிஸ்னா சிரித்துவிட்டார். மிஸ்ஸும் சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, தனக்கு மலர் போடுவதென்றால் நான்தான் எழுத வேண்டும் என்றார். சட்டப்படி எழுத வேண்டும், பிடிக்காத ஆளைக் கேட்காமல் எழுதக் கூடாது. நான் பேச்சை மாற்றப் பார்த்தேன், விடவில்லை. சரி மிஸ், சொன்னபடி செய்கிறேன் என்றேன். "செய்வீர்தான். ஆனா புள்ளி வைக்க நான் இருக்கமாட்டன், அதுதான் பயமாக் கிடக்கு" என்றார். வெளியே வந்து பஸ் தரிப்பிடத்தில் நின்று நான் அழுதேன். ரிஸ்னா என்னைப் பார்க்காதது போல வேறு பக்கம் திரும்பி நின்றார்.

மிஸ் போய்விட்டார். கனடாவிலிருந்து வந்த அவருடைய தங்கை, முப்பத்தோராம் நாளுக்கு மலர் கட்டாயம் வேண்டும் என்று என்னிடம் ஒப்படைத்தார். ரிஸ்னா தன்னுடைய போனைக் காட்டி, "சேர், சும்மா பாக்கத்தான் செய்தேன், இதப் பாருங்க" என்றார். மிஸ்ஸின் விபரங்களைக் கொடுத்துச் செயற்கை நுண்ணறிவுக் கணினியிடம் ஒரு வரலாறு கேட்டிருந்தார். ஒரு நிமிடத்தில் எழுதித் தந்துவிட்டதாம். அன்பே உருவானவர், எவர் மனதையும் புண்படுத்தாதவர், அனைவராலும் நேசிக்கப்பட்டவர். பிழையில்லாத அழகான தமிழ்.

"யாரையும் புண்படுத்தலையா? என்ட முதல் கட்டுரைக்குப் புள்ளி வச்சுத் தந்தப்போ நான் ரெண்டு நாள் சோறு தின்னல்ல சேர்."

"அப்ப நீங்களே சாட்சி சொல்லுங்க. மிஸ்ஸைப் பிடிக்காதுதானே?"

"ஐயோ, மிஸ்ஸ எனக்கு உசிரு சேர்" என்று சொல்லிவிட்டு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முதல் சாட்சி அப்படிப் போனது.

அதற்குப் பிறகு நான் மிஸ்ஸைப் பிடிக்காத ஒருவரைத் தேடி அலைந்தேன். மிஸ் இரண்டு தரம் பெயிலாக்கிய ஒருவர் இப்போது கொள்ளுப்பிட்டியில் ஒரு வங்கியில் பெரிய அதிகாரி. நிச்சயம் ஏதாவது சொல்வார் என்று போனேன். கேக் தந்து உபசரித்து, மிஸ் பெயிலாக்கியபடியால்தான் தான் வங்கிப் பக்கம் வந்ததாகவும், அவர் தனக்குத் தெய்வம் என்றும் சொன்னார். மிஸ்ஸின் மேல்மாடியில் உரலில் இடிக்கிற ஒரு அம்மாவோடு மிஸ்ஸுக்கு வருடக்கணக்கான சண்டை. அந்த அம்மா என்னைக் கண்டதும் விம்மி அழத் தொடங்கிவிட்டார். தகப்பனாருக்கு மலர் எழுத மிஸ் மறுத்த ஒரு சாப்பாட்டுக்கடை முதலாளியோ, அவர் என் தாய் மாதிரி என்றார். ஒருவர் கண்ணை மூடியதும் எங்கள் சனத்துக்கு ஞாபகம் எல்லாம் சர்க்கரையாகிவிடுகிறது. மனிதர்களுக்கு அது நல்ல குணம்தான். எனக்கோ நாட்கள் போய்க்கொண்டிருந்தன, கொடுத்த வாக்கைக் காப்பாற்ற முடியாமல் போய்விடுமோ என்று உண்மையிலேயே பயந்தேன்.

மிஞ்சியிருந்தது ஒரே ஆள். நுகேகொடைக்குப் பஸ் எடுத்தேன். செத்த வீட்டில் சேரைக் கண்டிருந்தேன், ஒரு மூலையில் இருந்துவிட்டுப் போனார். பழைய உருவம் இல்லை, மெலிந்துபோய்த் தெரிந்தார். சந்தை இரைச்சல் கேட்கிற மேல்மாடி முன் அறையில் என்னை இருத்தினார், மகள் ரீ கொண்டுவந்து வைத்தார். வந்த விசயத்தைச் சொன்னேன். சேர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மேடையில் பேசுகிற தமிழில் தொடங்கினார். ஈடு செய்ய முடியாத இழப்பு. ஈழத்து வரலாற்றுப் புலமையின் ஒளிவிளக்கு. தன்னலமற்ற பேரறிஞர்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஆயுள் முழுவதும் எதிர்த்து எழுதிய மனிதர், இப்போது அந்தக் கணினி எழுதியதையே ஒப்புவிக்கிறார். ஏதாவது குறை சொல்லுங்கள் சேர், அவரே கேட்டது என்றேன். செத்தவரைப் பற்றி அப்படிக் கதைக்கக் கூடாது பிலிப் என்றார். கல்லைப் பற்றியாவது சொல்லுங்கள் என்றேன். அதெல்லாம் பழைய கதை, விடும் என்றார். அவர் விட்டதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. மிஸ் உண்மையாகவே செத்துப்போனது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எழும்பிப் போக வெளிக்கிட்டவன், வாசலில் நின்று சொன்னேன். "சேர், மிஸ் ஆஸ்பத்திரியில வைச்சு உங்கட புத்தகத்தில மூண்டாம் அத்தியாயம் வாசிச்சவ."

சேர் நிமிர்ந்தார். "என்ன சொன்னவ?"

"கத்தி தீட்டின கீறலை மனிசன் இன்னும் கும்பிட்டுக்கொண்டிருக்குது எண்டு."

"ஆர் பார்த்தது? சும்மா சொல்லுறீர்."

"ரிஸ்னாவும் நிண்டவ சேர். ரெண்டு சாட்சி."

சேரின் முகம் சிவந்தது. கதிரையைப் பின்னால் தள்ளிவிட்டு எழும்பினார். அலுமாரியைத் திறந்து, அந்தக் கல்லில் தாளை வைத்துக் கரி தேய்த்து எடுத்த படியைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் விரித்தார். சுருளாமல் இருக்க ஒரு பக்கம் சீனிப் போத்தலையும் மறுபக்கம் என் ரீக் கோப்பையையும் தூக்கி வைத்தார். மகள் ஓடிவந்து எட்டிப் பார்த்தார். பழைய குரல் திரும்பி வந்துவிட்டது, கீழே சந்தையில் நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும்.

மூன்று கீறலும் ஒரே ஆழம், பாரும். கத்தி தீட்டினவன் அளவுகோல் வைத்தா தீட்டினான்? சரியான பிடிவாதக்காரி. கல்லைப் பார்க்கவும் சந்தேகம், மனிதரைப் பார்க்கவும் சந்தேகம். ஒருநாளும் ஒருத்தரையும் நல்லதென்று சொன்னதில்லை. வாழ்நாளில் என்னுடைய ஒரே ஒரு அடிக்குறிப்பை மட்டும் சரி என்று சொன்னவ, அதுவும் நான் அவவின் கட்டுரையிலிருந்து எடுத்தது. நான் எழுதுகிற ஒவ்வொரு வசனத்துக்கும் அவ என்ன சொல்லுவா என்று யோசித்து யோசித்தே என் பாதி ஆயுள் போய்விட்டது. சேர் இப்படிப் பொரிந்து தள்ள, நான் அவசர அவசரமாக எழுதிக்கொண்டிருந்தேன். எனக்கு ஒரே சந்தோசம். சேர் விரலால் தாளைக் குத்தி, என்னைப் பார்த்தார்.

"பிலிப், அவவுக்குச் சொல்லும்—"

அவ்வளவுதான். விரல் தாளில் இருந்தபடியே நின்றுவிட்டது. நான் குனிந்துகொண்டேன். சேர் மெல்லக் கதிரையைத் தேடி உட்கார்ந்தார். மகள் பக்கத்தில் வந்து தோளில் கை வைத்தார்.

சேர் தாளைப் பார்த்தபடியே கேட்டார். "இனி ஆருக்கு எழுதுறது பிலிப்?"

இன்னும் ஒரு ரீ வந்தது, இருவரும் குடித்தோம். நான் கிளம்பும்போது, மறுப்பைத் தானே ஒரு பக்கத்துக்கு எழுதித் தருவதாகச் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை, அதை இடப்பக்கத்தில் போட வேண்டும். வலப்பக்கத்தில் ஒன்றும் போடக் கூடாது. "அது அவவின்ர பக்கம்" என்றார்.

சொன்னபடியே எழுதி அனுப்பினார். கல்லில் இருப்பது சூலம்தான், கனகேஸ்வரி பிடிவாதக்காரி, அவருடைய வாதம் இன்ன இன்ன காரணங்களால் பிழை. ஒரு இடத்தில்கூட மரியாதைக்காகக் குரலைத் தாழ்த்தவில்லை. அந்த ஒரு பக்கத்தில் மிஸ் முழுசாக இருந்தார். தங்கை வாசித்துவிட்டு முதலில் திகைத்தார், பிறகு சிரித்தார், பிறகு அக்காவின் படத்தைப் பார்த்தபடி போடுங்கோ என்றார். அந்தோனி அச்சடிக்குமுன் எனக்குப் போன் எடுத்து, ஒரு பக்கம் சும்மா கிடக்கிறதே, குத்துவிளக்குப் படம் ஒன்று போடவா என்று கேட்டார். வேண்டாம், பதிலுக்கு விட்ட பக்கம் என்றேன். எங்கள் இதழை இத்தனை காலம் அச்சடித்தவர் அல்லவா, அந்தோனி அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

முப்பத்தோராம் நாள் சாப்பாடு வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில் நடந்தது. வந்தவர்கள் பக்கத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள், வெறும் பக்கத்தில் வந்ததும் நின்று என்னைப் பார்த்தார்கள். குலவீரசிங்கம் சேர் மகளோடு வந்திருந்தார். எனக்கும் ரிஸ்னாவுக்கும் எதிரே பந்தியில் இருந்தார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்து மலரைத் திறந்தார். தன்னுடைய பக்கத்தை வாசிக்கவில்லை. எதிரே இருந்த வெறும் பக்கத்தையே கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு சட்டைப் பையைத் தடவிப் பேனையை எடுத்தார். என்ன நினைத்தாரோ, திரும்ப வைத்துவிட்டு, ரிஸ்னாவிடம் ஒரு பென்சில் கேட்டார். ரிஸ்னா பையைத் தேடி எடுத்துக் கொடுத்தார். சேர் குனிந்து, அந்தப் பக்கத்தின் நடுவில் சின்ன எழுத்தில் இரண்டு சொற்கள் எழுதினார். பென்சிலைத் திருப்பித் தந்துவிட்டு, புத்தகத்தை மூடி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு மகளோடு வெளியே போனார்.

ஆர் பார்த்தது என்று எழுதினார்.

நான் பார்த்தேன். பக்கத்தில் இருந்த ரிஸ்னாவும் பார்த்தார்.